ஆயுளின் நீளமும் வாழ்வின் தரமும்: ஓர் ஒழுக்கவியல் நோக்கு

நோயினின்றும் உயிரைக் காத்தல் மருத்துவத்தின் முதற்கடன் என்பதை மறுப்பார் இலர். ஆயினும், காக்கப்பெற்ற அவ்வுயிர் அதன்பின் எத்தகைய வாழ்வை வாழ்கின்றது என்னும் வினா, மருத்துவம் வளருந்தோறும் கூர்மை பெற்று வருகின்றது. கொல்லும் நோய்களை வெல்ல இயலாதிருந்த காலத்தில் இவ்வினாவுக்கு இடமே இருக்கவில்லை. இன்றோ நோயாளி பிழைக்கின்றார். பிழைத்தவர் தம் உடலின் ஒரு பகுதியையோ அதன் தொழிலையோ விலையாகக் கொடுத்துப் பிழைக்கின்றார். அவ்விலை தகுமா, அதனை மதிப்பிடும் உரிமை யாருக்கு உரியது என்பனவே இக்கட்டுரை ஆராய முற்படும் பொருள்களாகும். இவற்றைப் பொதுப்படப் பேசுவதிலும் ஒரு குறித்த நோயையும் ஒரு குறித்த இடத்தையும் முன்னிறுத்திப் பேசுவது தெளிவுக்கு உதவும். ஆண்களின் முன்னிற்குஞ் சுரப்பியில் உண்டாகும் புற்றுநோயை நோயாகவும், புத்தள மாவட்டக் கரையோரத்து முந்தலை இடமாகவும் கொள்வோம்.

கொழும்பிலிருந்து புத்தளம் செல்லும் நெடுஞ்சாலையிற் சிலாபத்தைக் கடந்தபின் வருவது முந்தல். அதன் மேற்கே முந்தல் வாவி. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் உடப்பு. ஒல்லாந்தர் காலத்துக் கால்வாய் இவ்வாவியைப் புத்தளக் களப்போடு இணைக்கின்றது. தென்னை, வாவி மீன்பிடி, 1980களிற் பரவிய இறால் வளர்ப்பு என்பன இப்பகுதி மக்களின் சீவனோபாயங்கள். இங்கு வாழும் அறுபத்தைந்து வயதுடைய ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவர் இந்துவாகவோ முஸ்லிமாகவோ கத்தோலிக்கராகவோ இருக்கலாம். இக்கரையில் மூவரும் அயலவர். இரவில் நான்கைந்து முறை எழுகின்றார், சலம் தடைப்படுகின்றது. வயதின் இயல்பென்று சில மாதங்கள் பொறுத்திருந்து, பின்னர் வைத்தியரிடம் செல்கின்றார். குருதிப் பரிசோதனையும் இழையப் பரிசோதனையும் நடைபெறுகின்றன. புற்றுநோய் என்கின்றனர். சுரப்பியை அகற்றலாம், அல்லது கதிர்வீச்சுச் சிகிச்சை செய்யலாம் என்கின்றனர். நாட்டின் தலைமைப் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கும் மகரகம, முந்தலிலிருந்து நூறு கிலோமீற்றருக்கும் அப்பாற்பட்டது. இலங்கையில் அரச மருத்துவம் இலவசமாதலின் இம்மனிதர் சிகிச்சைக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால், அவர் கொடுக்கவிருப்பது வேறொன்று என்பதை அவருக்கு எவரேனும் சொல்கின்றனரா?

அவர் கொடுக்கவிருப்பது யாதென அறிய, உடற்கூற்றைச் சிறிது நோக்கவேண்டும். முன்னிற்குஞ் சுரப்பி சலப்பையின் அடியில், சலவழியைச் சூழ்ந்து அமைந்துள்ளது. அதற்குக் கீழே சலத்தை அடக்கும் தசைவளையம், பின்புறம் மலக்குடல், இரு பக்கங்களிலும் ஆண்குறி விறைப்பை ஆளும் நரம்புகள். ஆகவே, உள்ளங்கையில் அடங்கும் இச்சிறு சுரப்பியைத் தொடுவோர் மனித வாழ்வின் மூன்று அந்தரங்கத் தொழில்களின் எல்லையிலே கைவைக்கின்றனர். இதனை முழுமையாக அகற்றும் சத்திரசிகிச்சையை அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹம்ப்டன் யங் 1904 இற் செய்தார். அதன்பின் நெடுங்காலம், உயிர் பிழைத்தவர்கள் ஆண்குறி விறைப்பை இழப்பது ஏறத்தாழ நியதியாகவே இருந்தது. அந்நரம்புகள் செல்லும் வழி திட்டமாக அறியப்படவில்லை. பற்றிக் வோல்ஷ் என்னும் சத்திரசிகிச்சை நிபுணர், ஒல்லாந்தின் லைடன் நகரத்துப் பேராசிரியர் பீற்றர் டொங்கருடன் சேர்ந்து 1981 இல் அவ்வழியை ஆராய்ந்தறிந்தார். நரம்புகளைப் பேணிச் சுரப்பியை அகற்றும் முறையை 1982 இற் செய்து காட்டினார். இடைப்பட்ட எழுபத்தெட்டு ஆண்டுகள் சிந்திக்கத் தக்கவை. ஓர் இழப்பைத் தவிர்க்க முடியாத விலையென நாம் ஏற்றுக்கொண்டுவிட்டால், அதனைத் தவிர்க்கும் வழியைத் தேடும் ஊக்கமும் அத்துடன் குன்றிவிடுகின்றது. வாழ்வின் தரம் பற்றிய வினா, மருத்துவத்தின் வெற்றிக்குப் பின் எழும் ஆடம்பர வினா அன்று. மருத்துவத்தை முன்செலுத்தும் வினாக்களுள் அதுவும் ஒன்று.

இன்று நமக்குக் கிடைக்கும் சான்றுகளுட் சிறந்தது பிரித்தானியாவில் நடைபெற்ற புரொடெக்ட் என்னும் ஆய்வாகும். சுரப்பியைத் தாண்டாத நிலையில், குருதிப் பரிசோதனை மூலம் நோய் கண்டறியப்பட்ட 50 முதல் 69 வரை வயதுடைய 1643 ஆண்கள், 1999 முதல் 2009 வரையான காலத்தில், மூன்று பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் உடனடிச் சிகிச்சையின்றிக் கண்காணிக்கப்பட்டனர், ஒரு பிரிவினருக்குச் சத்திரசிகிச்சை, மற்றையோருக்குக் கதிர்வீச்சு. ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளின் பின் 2023 இல் வெளிவந்த முடிவின்படி, இந்நோயால் இறந்தோர் மூன்று பிரிவிலும் சேர்ந்து 45 பேர்; அதாவது நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. பிரிவுகளுக்கிடையே இவ்விறப்பிற் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியமை கண்காணிப்புப் பிரிவில் 9.4 வீதம், சத்திரசிகிச்சைப் பிரிவில் 4.7 வீதம், கதிர்வீச்சுப் பிரிவில் 5.0 வீதம்.

ஆயுளில் வேறுபாடு சிறிதாயினும் வாழ்வில் அவ்வாறன்று. ஆறு மாதம் கழிந்தபோது, சலக்கசிவுக்காக உறிஞ்சும் துணியட்டை அணிய நேர்ந்தோர் சத்திரசிகிச்சைப் பிரிவில் 46 வீதத்தினர். ஏனைய இரு பிரிவுகளிலும் 5 வீதத்தை மிகாதவர். ஆறு ஆண்டுகளின் பின்னரும் சத்திரசிகிச்சை பெற்றோரில் 17 வீதத்தினர் அவ்வட்டையை அணிந்தனர். உடலுறவுக்குப் போதிய விறைப்பு, தொடக்கத்தில் 67 வீதத்தினருக்கு இருந்தது. ஆறு மாதத்தின் பின் சத்திரசிகிச்சை பெற்றோரில் 12 வீதத்தினருக்கும், கதிர்வீச்சுப் பெற்றோரில் 22 வீதத்தினருக்கும், கண்காணிக்கப்பட்டோரில் 52 வீதத்தினருக்குமே எஞ்சியது. கதிர்வீச்சின் தீங்கு மலக்குடலிலும் தெரிந்தது. பன்னிரண்டாம் ஆண்டில் மலக்கசிவு அப்பிரிவில் 12 வீதம், பிற பிரிவுகளில் 6 வீதம். இவ்வெண்களை முந்தலுக்கு அப்படியே பொருத்துதல் பிழையாகும். ஆய்விற் சேர்ந்தோர் அறிகுறி தோன்றுமுன்னரே நோய் கண்டறியப்பட்டவர்கள்; நாம் எண்ணிக்கொண்டவரோ அறிகுறியின் பின் வந்தவர். அவரது நோய் முற்றியதாயிருப்பின் சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் ஆபத்தாகலாம். எனினும், தெரிவு உண்டு என்பதும், ஒவ்வொரு தெரிவுக்கும் வெவ்வேறு விலை உண்டு என்பதும் இருவருக்கும் பொதுவான உண்மைகள்.

மேற்கூறிய ஆய்வில் மெய்யியலாளர் கூர்ந்து நோக்கவேண்டிய மற்றொரு முடிவும் உண்டு. பொதுவான உடல்நலம், மனக்கலக்கம், மனச்சோர்வு என்பன பற்றி வினவியபோது மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே வகையான விடைகளையே அளித்தனர். உடலின் தொழில்களை இழந்தோரும் இழவாதோரும் தம் வாழ்வை ஒத்த அளவில் மதிப்பிட்டனர். இதனை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

ஒரு விளக்கம் மனிதனின் பெருமையைச் சார்ந்தது. மனிதன் இழப்போடு வாழப் பழகுகின்றான். எஞ்சியவற்றுள் நிறைவு காண்கின்றான். கடும் ஊனமுற்றோர் பலர் தம் வாழ்வை நல்வாழ்வென மதிப்பிடுகின்றனர் என்பதையும், வெளியிலிருந்து பார்ப்போருக்கு அது நம்பற்கரியதாகத் தோன்றுகின்றது என்பதையும் 1999 இல் அல்பிறெக்ற், டெவ்லீகர் என்னும் ஆய்வாளர் இருவர் எடுத்துக்காட்டினர். இவ்விளக்கம் உண்மையாயின், நலமாயிருக்கும்போது நாம் செய்யும் தெரிவு அறியாமையாற் செய்யும் தெரிவாகிவிடும். 1981 இல் பார்பரா மக்நீலும் அவருடன் சேர்ந்தோரும் நலமுள்ள முப்பத்தேழு பேரிடம், குரல்வளைப் புற்றுநோய் வந்தாற் பேச்சை இழந்து நெடுநாள் வாழ விரும்புவரா, பேச்சைக் காத்துக் குறைந்த நாள் வாழ விரும்புவரா என வினவினர். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆயுளைக் குறைத்தேனும் பேச்சைக் காக்க விழைந்தனர். பேச்சிழந்த வாழ்வை வாழ்ந்தறியாதவர் அதனை எங்ஙனம் மதிப்பிட்டனர் என்று கேட்கலாம். ஆயினும், அவர்களுக்குப் பேச்சு எத்துணை மதிப்புடையது என்பதை அவர்களையன்றி வேறெவர் அறிவர் என்றும் கேட்கலாம்.

மற்றை விளக்கம் கசப்பானது. மனிதன் இழப்போடு பழகுவதற்குத் தன் வாழ்வையே சுருக்கிக்கொள்கின்றான் என்பது அது. நீண்ட காலம் வறுமையிலோ ஒடுக்குமுறையிலோ வாழ்பவர் தம் விருப்பங்களைத் தம் நிலைக்கேற்பக் குறுக்கிக்கொள்வர். ஆதலால், அவர்தம் மனநிறைவை மட்டும் கொண்டு அவர் நல்வாழ்வை அளக்கலாகாது எனப் பொருளியல் மெய்யியலாளர் அமர்த்தியா சென் வலியுறுத்தியுள்ளார். ஒருவர் என்ன உணர்கின்றார் என்பதோடு, என்ன செய்யவும் எவ்வாறு இருக்கவும் வல்லவராயுள்ளார் என்பதையும் கேட்க வேண்டும் என்பது அவர் கருத்து.

நம் முந்தல் மனிதரிடம் திரும்புவோம். சத்திரசிகிச்சை முடிந்து ஓராண்டு ஆயிற்று. இருமினாற் கசிகின்றது, பாரம் தூக்கினாற் கசிகின்றது. அவர் வலை இழுப்பதை விட்டார். சிலாபம் வரை பஸ்ஸிற் செல்வதை விட்டார்; ஏனெனில், இடையில் இறங்க இடமில்லை. கலியாண வீடுகளுக்கு மனைவியை மட்டும் அனுப்புகின்றார். சாரத்தில் ஈரம் தெரியுமோ என்னும் அச்சம் அவரைத் திண்ணையோடு நிறுத்திவிட்டது. மாதாந்தப் பரிசோதனையில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்னும் கேள்விக்கு "ஒரு குறையும் இல்லை" என்கின்றார். அவர் பொய் சொல்லவில்லை. சுருங்கிவிட்ட வாழ்வுக்குள் குறைகள் தென்படுவதில்லை. ஆகவே, வாழ்வின் தரத்தை அறிய விரும்புவோர் "நலமா?" என்று கேட்பது போதாது, "முன்னர்ச் செய்த எவற்றைக் கைவிட்டீர்கள்?" என்றும் கேட்கவேண்டும். இடுப்படித் தசைகளுக்கான எளிய பயிற்சி சலக்கசிவைக் குறைக்க உதவுகின்றது. அதற்கு எந்திரமோ மருந்தோ வேண்டியதில்லை. கேள்வி எழாத இடத்தில் இச்சிறு உதவியும் சென்று சேர்வதில்லை.

மௌனத்தின் தீங்குக்கு வழிபாட்டிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். இம்மனிதர் முஸ்லிமாயின், தம் உடல் தூய்மை கெட்டதென எண்ணிப் பள்ளிவாசலுக்குச் செல்வதையே நிறுத்திவிடக்கூடும். ஆனால், சலத்தை அடக்க இயலாதவரின் நிலையை இஸ்லாமியச் சட்டவியல் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே சிந்தித்து விதி செய்துள்ளது. தொழுகை நேரம் வந்தபின் தூய்மை செய்து, கட்டிட்டு, வுழூச் செய்து, தாமதியாது தொழுபவரின் தொழுகை நிறைவேறும். இடையிற் கசிந்தாலும் அது கெடாது என்பது இந்நாட்டு முஸ்லிம்கள் பெரிதும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. அவரது துன்பத்துக்கு விடை முன்னரே உண்டு. கேட்க வாய் எழாமையே குறை. கோயில் வாயிலில் நின்று உட்செல்லத் தயங்கும் இந்துவின் நிலையும் இதனை ஒத்ததே.

வாய் எழாமைக்குக் காரணம் யாது? அச்சத்தினும் நாணமே பெரிது. அந்நாணத்தின் வேர் ஆண்மை பற்றிய நம் கருத்தில் உள்ளது. தமிழில் ஆண்மை என்னும் சொல் இனவிருத்தி ஆற்றலை மட்டும் குறித்ததன்று. ஆளுந்தன்மை அதன் பொருள்களுள் ஒன்று. வேளாண்மை, தாளாண்மை முதலிய சொற்கள் அப்பொருளையே சுமக்கின்றன. வள்ளுவர் பேராண்மை என்னும் சொல்லை ஓரிடத்திற் பிறன் மனைவியை விரும்பாத அடக்கத்துக்கு ஆள்கின்றார். மற்றோரிடத்திற் போர்க்களத்து வீரத்தை அச்சொல்லாற் சுட்டி, துன்புற்ற பகைவனுக்கு உதவுதலை அவ்வீரத்தின் கூர்மையாகக் கொள்கின்றார். இவ்விரு பொருள்களையும் எந்தச் சத்திரசிகிச்சையும் ஒருவரிடமிருந்து அகற்றமுடியாது. எனினும், இதனைச் சொல்லி நோயாளியின் இழப்பைச் சிறிதாக்க முயல்வது நேர்மையன்று. இன்பம் இழந்தவனுக்கு அடக்கத்தைப் போதித்தல் ஆறுதலன்று. ஓர் உறுப்பின் தொழிலை இழந்தவர் தம்மையே இழந்தவர் ஆகார் என்பதே இங்குப் பெறத்தக்க முடிவு. அவ்விழப்பு மெய்யான இழப்பு என ஏற்கப்பட்டாலன்றி இவ்வாறுதல் அவரைச் சென்றடையாது.

அவ்விழப்பு அவர் ஒருவருடையது மட்டுமன்று என்பதும் மனங்கொள்ளத்தக்கது. இரவிற் படுக்கை மாற்றுபவர், துணியட்டை துவைப்பவர், ஊராருக்குச் சாட்டுச் சொல்பவர், கணவனின் திடீர்ச் சினத்துக்கும் விலகலுக்கும் காரணம் தெரியாது திகைப்பவர் அவர் மனைவி. மருந்து என்பதை நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கு கூறாக வள்ளுவர் வகுத்தமை நாம் அறிந்ததே. அந்நான்காங் கூறாகிய மனைவியின் வாழ்வுத் தரத்தை எந்த அளவுகோல் அளக்கின்றது? தெரிவு செய்யும் வேளையில் அவரும் அறிந்திருத்தல் நீதியாகும்.

இனி, தெரிவு யாருடையது என்னும் வினாவுக்கு வருவோம். நோயாளியிடம் யாவற்றையும் கூறுதல் நம் வழக்கமன்று, அது முதியவரைக் கலங்கச் செய்யும், பிள்ளைகள் தீர்மானிப்பதே அன்பு என்பது ஒரு வாதம். இவ்வாதத்தில் உண்மையான பரிவு உண்டு. தனித்து நின்று தெரிவு செய்தலை மட்டுமே சுதந்திரம் எனக் கொள்வதும் நம் வாழ்க்கை முறைக்குப் பொருந்தாது. ஆனால், பிள்ளைகள் விரும்புவது தந்தையின் ஆயுளை. அதற்காகக் கொடுக்கப்படும் விலை தந்தையின் உடலிலிருந்து எடுக்கப்படுகின்றது. பிறருடைய பொருளை அவர் அறியாமற் கொடுத்தல், எவ்வளவு அன்போடு செய்யினும், கொடையாகாது. உறவினர் உடனிருந்து தெரிவு செய்யலாம். அவருக்குப் பதிலாகத் தெரிவு செய்தல் கூடாது.

மற்றொரு வாதம் நடைமுறை சார்ந்தது. நெரிசல் மிகுந்த இலவச மருத்துவமனையில் ஒவ்வொருவருக்கும் விளக்கமளிக்க நேரம் ஏது என்பர். இதுவும் புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயினும், நேரம் செலவிடப்படும் இடங்கள் வேறும் உள. 2016 இல் வெளிவந்த மற்றொரு பிரித்தானிய ஆய்வு, கதிர்வீச்சை 37 அமர்வுகளிற் கொடுப்பதற்குப் பதிலாக, ஒவ்வோர் அமர்விலும் அளவைச் சற்றுக் கூட்டி 20 அமர்வுகளிற் கொடுத்தாலும் பயன் குறைவதில்லை எனக் காட்டியது. மருத்துவமனைக்கு அருகில் வாழ்பவருக்கு இவ்வேறுபாடு சிறிது. முந்தலிலிருந்து வருபவருக்கோ, கொழும்பில் யாரேனும் உறவினர் வீட்டின் மூலையில் ஏழு கிழமைக்கு மேல் ஒதுங்கியிருப்பதா, நான்கு கிழமையோடு திரும்புவதா என்னும் வேறுபாடு அது. நோயாளியின் வாழ்வை அறிந்தாலன்றி இத்தகைய விடயம் சிகிச்சையின் பகுதியாகவே தோன்றாது. நோயுற்றவரின் நிலை, நோயின் நிலை, காலம் ஆகிய மூன்றையும் எண்ணிச் செய்க என மருத்துவனுக்கு அறிவுறுத்திய வள்ளுவர், நோய்க்கு முன் நோயுற்றவரை வைத்தமை தற்செயலன்று எனலாம்.

இறுதியாக ஒன்று கூறவேண்டும். அது இப்பக்கங்களைப் படிக்கும் மாணவர்க்கும் விரிவுரையாளர்க்கும் உரியது. தமிழ் மட்டும் அறிந்த நோயாளி, சிங்களமோ ஆங்கிலமோ பேசும் மருத்துவர் முன்னிலையில், பெரும்பாலும் தம் மகனையோ மகளையோ மொழிபெயர்ப்பாளராகக் கொள்ள நேர்கின்றது. தம் விறைப்பின்மை பற்றி மகளின் வாய்வழியாகக் கேள்வி கேட்கும் தந்தை எங்குளர்? அவர் கேளார்; மருத்துவர் சொன்னாலும் மகள் அதனை மொழிபெயராள். இவ்வாறாக, யாரும் பொய் சொல்லாமலே உண்மை மறைந்துபோகின்றது. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயிற் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கச் செய்தார். இன்று நம் மருத்துவ பீடங்களின் போதனை மொழி ஆங்கிலம். பாடநூலில் முன்னிற்குஞ் சுரப்பி என்னும் சொல் உண்டு. ஆயினும், அச்சொல்லை வாவிக்கரை மனிதர் கேட்டதில்லை. அவர் அறிந்த சொற்களோ இழிவழக்கெனக் கருதப்படுவதால் மருத்துவர் முன் நாவிற்கு வருவதில்லை. இவ்விரண்டிற்கும் இடையே, நாணமின்றிச் சொல்லவும் மரியாதையோடு கேட்கவும் ஏற்ற சொற்களை ஆக்கிப் பழக்கத்திற் கொண்டுவருதல் தமிழ் கற்போரின் கடனாகும். மருத்துவம் கற்கும் தமிழ் மாணவர் அச்சொற்களைக் கற்றுச் செல்லுதல் அதனோடொத்த கடன்.

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன சில. ஆயுளை நீட்டுவது நன்றே. அதற்காக ஒருவர் எவ்விழப்பையும் ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். இரண்டும் அறிவுடைய தெரிவுகளாகும், விலை இன்னதென முன்னரே அவர் அறிந்திருப்பின். வாழ்வின் தரத்தை வெளியார் அளவுகோல் மட்டும் கொண்டு அளத்தல் தவறு. பழகிப்போன மனத்தின் நிறைவை மட்டும் கொண்டு அளத்தலும் தவறு. அவர் இன்னமும் எங்கெங்கே செல்கின்றார், யார் யாரோடு அமர்கின்றார், எதனை அஞ்சி எதனைக் கைவிட்டார் என்று கேட்டறிவதே நேர்மையான அளவை. திண்ணையில் இருக்கும் அம்மனிதர் மீண்டும் ஒருநாள் சிலாபத்துக்குப் பஸ் ஏறுவாராயின், அவருக்குச் செய்த சிகிச்சை அன்றுதான் நிறைவெய்தியது என்க.